வேர் கழுவிய திருத்துழாய்

அக்காவின் துளசிச் செடிகள் கறுக்கத் தொடங்கியது ஆவணி மாதத்தில். என் குறிப்பில் ஆவணி அவிட்டத்துக்கு அடுத்த வாரம் என்று இருக்கிறது. ஸ்ரீஜயந்தி அன்று காலையில்தான் மாறியது என்று அத்திம்பேர், அக்காவின் கணவர், பிறகு எல்லாரிடமும் சொன்னார். அவர் அப்படிச் சொல்லத் தொடங்கியது புரட்டாசியில். அதற்கு முன் தொலைபேசியில் என்னிடம் “ஒரு வாரமா இருக்கும் போல” என்றுதான் சொன்னார். கண்ணன் பிறந்த நாளோடு சேர்த்தால் செய்தி இன்னும் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர இந்த மாற்றத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீடுகளில் துளசியைத் திருத்துழாய் என்போம். அதில் பச்சை இலை உள்ளது ராமதுளசி, கறுப்பும் ஊதாவும் கலந்த இலை உள்ளது கிருஷ்ணதுளசி. அக்கா வளர்த்தது பச்சை. அது தொட்டியில் நின்றபடியே கறுத்தது. இலையின் அடிப்பக்கம் முதலில், பிறகு நரம்பு, பிறகு தண்டு.

திருப்பதியில் அக்காவின் புக்ககத்துக்கு அவர்கள் தெருவிலுள்ள சிறிய பெருமாள் கோவிலில் ஒரு கைங்கர்யம் உண்டு. மார்கழியில் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் மாலை சமர்ப்பிக்க வேண்டும். அக்கா வீட்டுக்கு உரிய நாளில் திருத்துழாய் மாலை. அந்த இலை சொந்த வீட்டில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது சேராது. வளர்க்க முடியாமல் போனவர்களின் நாள், பங்காளிகளில் யார் வளர்க்கிறார்களோ அவர்களுக்குப் போய்விடும். அப்படிப் போன நாள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பங்காளி வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. பின்கட்டில் திறந்த முற்றம், அது முழுக்கத் துளசி. அந்த வீட்டு அம்மாள் அக்காவுக்கு ஓர்ப்படி முறை. அக்கா அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டே அவர் கேட்டாராம்: “மூணாவது மாடியில திருத்துழாய் வருமோடி? வரலேன்னா சங்கோஜப்படாதே. நாங்க இருக்கோம்.”

அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்திம்பேர் சொன்னார்.

பழைய வீடு அத்திம்பேரின் அண்ணன் தம்பிகளுக்குள் பாகமாகி விற்றுப்போனது. அந்த இடத்தில் இப்போது யாத்ரீகர்களுக்கான லாட்ஜ் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆடியில் வீடு மாறக்கூடாது என்பதால் ஆனிக் கடைசியில் அவசரமாகக் கிளம்பினார்கள். நான் அப்போது உடன் இல்லை. சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் லாரிகள் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் ஆனி மாதத்தில் எனக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கை யாரும் கிடையாது. அதனால் அந்த வாரத்தில் நடந்தவை எல்லாம் எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தவை. அக்கா சொன்னதையும் அத்திம்பேர் சொன்னதையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எழுதுகிறேன்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டியவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் வாசலைத் தாண்டி நடையில் புகுந்து, கிணற்றடியில் துளசிப் பாத்தி வரைக்கும் போய் நின்றது. அதுவரைக்கும் அந்தப் பாத்தியில் அரிசி களைந்த தண்ணீரையும் கோலமாவையும் தவிர வேறு எதுவும் விழ அக்கா விட்டதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். செடி வரும், மண் வராது.

செடிகளைத் தோண்டி எடுத்து வாளித் தண்ணீரில் அலசினாள். தண்ணீரை மாற்றி மாற்றி, மண் துகள் ஒன்றுகூட இல்லாமல் போகும் வரைக்கும் அலசினாள். பிறகு மஞ்சள் கரைத்த நீரில் ஊறவைத்து, விரலால் வேரை நீவி நீவிக் கழுவினாள். “நூல்கண்டு மாதிரி வெளுத்துடுத்து, பாக்கவே நன்னா இருந்தது” என்று என்னிடம் சொன்னாள். புது வேட்டித் துண்டு ஒன்றை நனைத்து அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள்.

புது வீட்டுத் தொட்டிகளுக்கு, கட்டட வேலைக்கு மண் விற்கிற இடத்தில் செம்மண்ணும் மணலும் வாங்கினார்கள். யார் யார் மிதித்த மண்ணோ என்று அதையும் அப்படியே போட அவளுக்கு மனம் வரவில்லை. மொட்டைமாடியில் கல் அடுப்பு கூட்டி, பெரிய இரும்பு வாணலியில் அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுத்தாள். எறும்பு, புழு, முட்டை, எதுவும் இருக்கக்கூடாது. ஆறிய பின் சலித்து, காய்ந்த பசுஞ்சாணப் பொடியைக் கலந்து தொட்டிகளை நிரப்பினாள். மண் வறுத்த வாசனை இரண்டு தெருவுக்கு இருந்ததாக அத்திம்பேர் சொன்னார். இதை அக்கா மறுக்கிறாள்.

அவள் பழகிய முறைக்கு இதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு பாத்திரத்தை எப்படிச் சுத்தி செய்வாளோ அப்படி ஒரு பிடி பூமியைச் சுத்தி செய்தாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நான் பஸ் பிடித்துப் போனேன். மாம்பழ வேலை ஓய்ந்திருந்தது. கதவைத் திறந்ததுமே அக்கா சொன்னாள்:

“வாடா. காலை அலம்பிண்டு நேரா பால்கனிக்குப் போ. முதல்ல சேவி. அப்புறம்தான் காப்பி.”

பால்கனியில் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் செம்மண் பட்டை, கோலம். நடுத் தொட்டிக்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன வாழைப்பழம். செடிகள் ஊதாவும் கருஞ்சிவப்புமாக இருந்தன. வெயிலில் பார்க்க அழகுதான். ஆனால் நட்டபோது இருந்த உயரத்திலேயே நின்றன. இலைகள் கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரியவை.

“கிரகப்பிரவேசத்தும்போது பச்சையா இருந்ததை நீ போட்டோல பாத்தியோல்லியோ? இப்ப பாரு. நானா மை தடவினேன்?” என்றாள் அக்கா.

“உங்கக்கா தடவியிருந்தா இன்னும் அழுத்தித் தடவியிருப்பா” என்றார் அத்திம்பேர், உள்ளே இருந்து.

“வளரலையே அக்கா” என்றேன்.

“கிருஷ்ணதுளசி குட்டையாத்தான் இருக்கும்.”

அது சரியல்ல என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மாலைக்கு நீளக் காம்பு வேண்டும். நான்கு இலையும் நுனியுமாகக் கிள்ளி எடுத்துக் கட்ட வேண்டும். இந்தச் செடிகளை மொத்தமாகப் பிடுங்கினாலும் ஒரு கைப்பிடிதான் தேறும். மார்கழிக்கு இடையில் இரண்டு மாதங்கள் இருந்தன.

அன்று காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். புரட்டாசிச் சனி என்பதால் மலைக்குப் போய்விட்டு வந்த உறவினர்கள், எதிர் வரிசையில் குடியிருப்பவர்கள், கோவிலில் அத்திம்பேரோடு கோஷ்டியாகப் பாசுரம் சேவிப்பவர்கள். எல்லாரும் பால்கனியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுக்குமாடிக்கு வந்தது பெருமாளுக்குச் சம்மதம் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அக்கா கோலத்தின் ஓரத்தைத் திருத்தியபடி சிரித்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து நாளாகியிருந்தது.

கடைசியாகக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண் வந்தாள். கார்வேட்டிநகரம் பக்கத்து ஊர்க்காரி. கணவன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

“மாமி, எனக்கு ஒரே ஒரு கொம்பு கிள்ளிக் குடுங்க மாமி. எங்க வீட்டுக்காரு நைட் ஷிப்டு டே ஷிப்டுன்னு மாறி மாறிப் போய்க்கினு கீறாரு. சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. இந்தச் செடி வூட்ல இருந்தா நல்லதுன்னு அல்லாரும் சொல்றாங்கோ.”

“கிள்ள மாட்டேன்மா. மார்கழி வரைக்கும் ஒரு இலை கிள்ளறதா இல்லை” என்றாள் அக்கா. அந்தப் பெண் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. திருத்துழாய் கேட்டு வந்தவர்களை வெறுங்கையாக அனுப்பக்கூடாது என்பதும் அவளுடைய விதிகளில் ஒன்று. “நில்லு. கடைசித் தொட்டியில சின்னதா ஒண்ணு இருக்கு. வேரோட எடுத்துண்டு போ. ஆனா நல்ல இடமா பாத்து வை.”

நானே அதைத் தோண்டிக் கொடுத்தேன். வறுத்த மண் சர்க்கரை போல உதிர்ந்தது. வேர் வெளுப்பாக, குட்டையாக, உள்ளங்கைக்குள் அடங்கியது. கூடவே இறங்கிப் போய் நட்டும் கொடுத்தேன். அவளுடைய நல்ல இடம், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பெயிண்ட் வாளி. அதில் ஏற்கெனவே ஒரு பச்சைத் துளசி என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதைச் சுற்றி மிளகாய், கனகாம்பரம், தானாக முளைத்த துளசிக் கன்றுகள்.

“என்ன உரம் போடறீங்க?” என்று கேட்டேன்.

“உரமா? நீங்க ஒண்ணு சார். ஊர்ல இருந்து சாமான் ஏத்திக்கினு வந்தோமே, அந்த வண்டில காவா ஓரத்து மண்ணை ரெண்டு கூடை போட்டுக்கினு வந்தாரு. அதக் கொட்டினேன். தண்ணி ஊத்தறது கூட நெனப்பு வந்தாத்தான்.”

அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, ரகசியமும் இல்லை. குழி பறித்தபோது அங்கிருந்த பச்சைத் துளசியின் வேர்த்துண்டு ஒன்று அறுந்து வந்தது. அக்காவின் செடியிலிருந்து அறுந்த ஒன்றும் என் கையில் இருந்தது. இரண்டையும் ஈரக் கைக்குட்டையில் தனித்தனியாக முடிந்துகொண்டேன். வேர்களோடு சேர்ந்து வாழும் பூசணங்களைப் பற்றிச் சில காலமாகப் படித்துவந்ததால் ஒரு சந்தேகம் இருந்தது.

சித்தூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறார், நூலகத்தில் பழக்கம். திங்கட்கிழமை சாயங்காலம் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இரண்டு வேர்களையும் கொடுத்தேன். அவர் அவற்றைக் பொட்டாஷ் காரம் கரைத்த தண்ணீரில் சூடு பண்ணி வெளுக்க வைத்து, அலசி, வினிகரில் பேனா மை கலந்து அதில் கொஞ்ச நேரம் போட்டார். சாயம் பிடிக்க வேறு உயர்ந்த பொருட்கள் இருக்கின்றனவாம். கல்லூரியில் அவை தீர்ந்து நாளாகிவிட்டது, மையே போதும் என்றார்.

முதலில் கீழ்வீட்டு வாளியின் வேர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். வேரின் அறைகள் செங்கல் வரிசை போலத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே நீல நூல்கள் ஓடின. சில அறைகளுக்குள் அந்த நூல் நுழைந்து, கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, ஒரு சின்ன மரம் போல நின்றது. ஒரு செல்லுக்குள் ஒரு மரம். நான் இதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இது நான் பிடுங்கிய வேர் என்பதுதான்.

பிறகு அக்காவின் வேர். செங்கல் வரிசை இருந்தது. வேறு எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த தம்ளர் மாதிரி இருந்தது.

நண்பர் விளக்கியதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வேருக்குள் குடியிருக்கும் இந்தப் பூசணத்தை வேளாண்மைக்காரர்கள் வேர் உட்பூசணம் என்கிறார்கள். நிலத்தில் முளைக்கும் செடிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வேரில் இது உண்டு. நெல்லுக்கு உண்டு, மாமரத்துக்கு உண்டு, துளசிக்கும் உண்டு. மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. வேர் தன் பக்கத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்த பிறகு, ஒரு விரல்கடை தள்ளி இருப்பதுகூட அதற்கு எட்டாது. பூசணம் தலைமயிரைவிட மெல்லிய நூல்களை நீட்டி அங்கிருந்து கொண்டுவந்து, வேரின் அறைக்குள் உள்ள அந்தச் சின்ன மரத்தில் வைத்துக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி, இலையில் சமைத்ததில் ஒரு பங்கைக் கீழே அனுப்புகிறது. பூசணம் இல்லாவிட்டாலும் செடி உடனே செத்துவிடுவதில்லை, நிற்கும். நின்றபடி நிற்கும்.

“சாணப் பொடி போட்டிருக்காளே” என்றேன்.

“சாப்பாடு இருக்கு. எடுத்துட்டு வர ஆள் இல்ல. பழைய ஆளைக் கழுவிட்டாங்க, புது மண்ல இருந்தவனை வறுத்துட்டாங்க. மணிச்சத்து போதலன்னா நெறைய செடி இப்பிடித்தான் ஊதா அடிக்கும். அது பட்டினி.”

காட்டு மரங்கள் பூசண நூல்கள் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று எழுதுபவர்களையும் நான் படித்திருக்கிறேன். அதைப் பற்றிக் கேட்டபோது நண்பர் பிடிகொடுக்கவில்லை. “பேசுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. கொடுக்கல் வாங்கல் நடக்குது. அதுவரைக்கும் தெரியும்” என்றார். திரும்பும் வழியில் விதைக்கடையில் உட்பூசணம் கலந்த பாக்கெட் ஒன்று வாங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா தளிகை அறையில் மாகாளிக்கிழங்கு ஊறுகாய் ஜாடியைத் திறந்து, காய்ந்த கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். செடிகள் மாறவில்லை, பட்டினியாக இருக்கின்றன, வேருக்கு ஒரு பூசணம் வேண்டும், அதைக் கொண்டுவந்திருக்கிறேன்.

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“என்ன வேணும்?”

“பூசணம்.”

“இந்த ஜாடியில பூசணம் வந்துடக்கூடாதுன்னு ஒரு வருஷமா ஈரக்கை படாம பாத்துண்டிருக்கேன். நீ கடையில போய் வாங்கிண்டு வந்திருக்கியா?”

“அதுவும் பாக்கெட்ல” என்றார் அத்திம்பேர். பாக்கெட்டை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். “மக்காச்சோள வேர்ல வளர்த்ததாம். சுத்த சைவம்தான்.”

“நீங்க சும்மா இருங்கோ. எவன் கை பட்டதோ, எந்த மண்ணோ. பெருமாளுக்குப் போற திருத்துழாய்க்கு இதைப் போடறதா?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “என் ஆத்துல திருத்துழாய் பட்டினி கிடக்குன்னு சொல்ல வந்திருக்கே. அப்படித்தானே?”

அப்படித்தான்.

அவள் ஜாடியை வேடு கட்டி மூடினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஆத்தை வித்துட்டு வந்தது தப்போன்னு இருந்துதுடா. இது மாறினப்புறம்தான் கொஞ்சம் தூங்கினேன். இத்தனை பேர் வந்து சேவிச்சுட்டுப் போயிருக்கா. அவாகிட்டல்லாம் என்னத்தைச் சொல்றது?”

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சித்தூர் திரும்பினேன். அதை என் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போட்டேன். அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை; அது முன்பே நன்றாக இருந்த செடி.

ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளி கழித்து நான் போயிருந்த அன்று பிற்பகல், கீழ்வீட்டுப் பெண் மாடியேறி வந்தாள். வழக்கம்போல வாசற்படியைத் தாண்டவில்லை. அழுதிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

“மாமி, கீய வந்து ஒரு தபா பாக்கறீங்களா?”

“என்னடி ஆச்சு? ஆத்துக்காரர் நன்னா இருக்காரோல்லியோ?”

“அவுரு நல்லாத்தான் கீறாரு. நீங்க குடுத்த சாமி செடிதான் மாமி. எங்கிட்ட வந்ததுக்கப்பறம் கருப்பு போயிட்சு. நானும் தெனம் குளிச்சுட்டுத்தான் தண்ணி ஊத்தறேன். வெலக்கான நாள்ல கிட்டயே போறதில்ல. இன்னா தப்பு பண்ணேன்னு தெர்ல. மன்னிச்சுருங்க மாமி.”

நாங்கள் மூவரும் இறங்கிப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. பெயிண்ட் வாளியில் அக்காவின் செடி நின்றது. கீழே பழைய இலைகள் சிலவற்றில் மட்டும் ஊதா மிச்சம் இருந்தது. அதற்கு மேல் வந்தது எல்லாம் பச்சை, அகலமான இலை, கிளைக்குக் கிளை நுனி. மூன்றாவது மாடியில் அதன் கூடப் பிறந்தவை இன்னும் அரை முழம் தாண்டவில்லை. இது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து ஒரு காம்பை விரலால் அளந்து பார்த்தாள். மாலைக்குக் கிள்ளுகிற அளவு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அழாதே” என்றாள் அக்கா. “நீ ஒரு தப்பும் பண்ணலை.”

“பின்ன ஏன் மாமி போச்சு?”

அக்கா காரணத்தைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஏதாவது ஒரு பரிகாரம் சொல்லி அனுப்பியிருந்தாலும் அந்தப் பெண் நம்பியிருப்பாள்.

“எங்காத்துல அது பட்டினி கிடந்தது. இங்க வந்து வயிறாரச் சாப்பிடறது. அவ்வளவுதான்.”

“நெஜமா மாமி?”

“நிஜமா. இந்தக் கன்னெல்லாம் என்ன, தானா முளைச்சதா?”

“விதை வியிந்து முளைச்சிக்கினே கீது. பிடுங்கிப் போட்டாலும் வருது.”

“பிடுங்கிப் போடாதே. எனக்குக் குடு. வேர் அறாம, மண்ணோட குடு.”

அத்திம்பேர் மாடிப்படியில் நின்று இதைக் கேட்டிருக்கிறார். அக்கா கன்றுகளை முறத்தில் ஏந்திக்கொண்டு ஏறி வந்ததும் ஆரம்பித்தார்.

“காவா மண்ணுன்னா உனக்கு விழுப்பாச்சே, தொடவே மாட்டியே?”

“மண்ணைத் தனியா அள்ளிண்டு வந்தா அது மண். வேர் பிடிச்சிண்டு வர்றது செடியோட சேர்த்தி. திருத்துழாயை யார் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லப்படாது.”

“இது எந்த சாஸ்திரத்துல இருக்கு?”

“நேத்திக்கு வரைக்கும் எல்லா சாஸ்திரமும் நான் சொல்லித்தானே கேட்டுண்டிருந்தேள்? இதையும் கேட்டுக்கோங்கோ.”

ஒவ்வொரு தொட்டியிலும் தன் செடியை ஒட்டி ஒரு கன்றை வைத்தாள். மண் உருண்டையை உடைக்கவில்லை. அப்படியே இறக்கி, வறுத்த மண்ணால் மூடி, அழுத்தினாள். பிறகு குளித்துவிட்டு வந்தாள். நண்பரிடம் இதைச் சொன்னபோது, பாக்கெட்டைவிட இதுவே மேல் என்றார். உயிருள்ள வேரிலிருந்து பக்கத்து வேருக்குப் போவது பூசணத்துக்குச் சுலபம். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

கார்த்திகையில் இரண்டு முறை போனேன். முதல் முறை எதுவும் தெரியவில்லை. அக்கா பால்கனிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். திருக்கார்த்திகை கழிந்து போனபோது நுனிகளில் பச்சை வந்திருந்தது. நடுத் தொட்டியில் ஒரு கிளை, முன்பு இருந்த செடியின் மொத்த உயரத்துக்கு நீண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. வாழைப்பழம் இல்லை. பார்க்க வருவது நின்றுவிட்டது. வந்தவர்களில் ஒருவர், யாரோ தீட்டோடு வந்து பார்த்திருக்க வேண்டும், அதனால்தான் பெருமாள் நிறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்திம்பேருக்கு அதில் வருத்தம்தான். ஸ்ரீஜயந்திக் கதையை அவர் நன்றாக மெருகேற்றி வைத்திருந்தார்.

மார்கழியில் அவர்களுடைய நாளுக்கு முதல் நாளே நான் வந்து தங்கினேன். சாயங்காலத்தில் துளசி பறிக்கக்கூடாது என்பதால் முற்பகலிலேயே அக்கா குளித்துவிட்டுக் கிள்ள உட்கார்ந்தாள். கீழிருந்து வந்த கன்றுகளும் இதற்குள் வளர்ந்து அவளுடைய செடிகளோடு கிளை பின்னியிருந்தன. ஆனால் அவள் கை தவறவில்லை. தன் செடியைத் தண்டு பார்த்துக் கண்டுபிடித்து, அதிலிருந்து மட்டுமே கிள்ளினாள். சொந்த வீட்டில் வளர்ந்தது என்பதற்கு அவள் வைத்திருந்த அளவு அது. மண்ணுக்கு மேலே அவளால் பிரிக்க முடிந்தது.

விடியலில் கோவிலுக்குப் போனோம். கோஷ்டி முடிந்து, பட்டர் மாலையை வாங்கிச் சாற்றினார். பழைய வீட்டிலிருந்து போகும் மாலை திருவடி வரைக்கும் தொங்கும். இது மார்பைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பட்டர் இரண்டு பக்கமும் சரிபார்த்துவிட்டுத் திரையை விலக்கினார். பக்கத்தில் நின்ற ஓர்ப்படி மட்டும் கேட்டார்:

“பச்சையா இருக்கே? கருந்துளசியாயிடுத்துன்னு ஊரே சொல்லித்தே?”

“பசியில கறுத்திருந்தது” என்றாள் அக்கா. “இப்ப சாப்பிடறது.”

ஓர்ப்படிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. மாலையை மறுபடி ஒருமுறை பார்த்தார். “கொஞ்சம் குட்டை” என்றார்.

“ஆமாம். வர்ற வருஷம் நீளமா வரும்.”

தீர்த்தம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பொங்கலுக்கு அரிசி களைந்த தண்ணீர் தளிகை அறையில் பாத்திரத்தில் இருந்தது. எப்போதும் அது பால்கனிக்குத்தான் போகும். அக்கா அதில் பாதியை ஒரு செம்பில் எடுத்துக்கொண்டு, மடிப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மூன்று மாடியும் இறங்கிப் போனாள். மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. அவள் பெயிண்ட் வாளியில் எட்டி நின்று ஊற்றிவிட்டு, செம்பைக் கவிழ்த்து உதறிக்கொண்டு, மேலே வந்தாள்.